123 பேரா, 43 பேரா? கொல்கத்தா தேவாலய நினைவுத் தூண் சொல்வதும் சொல்லாததும்

கொல்கத்தா: மேற்கு வங்க ஆளுநர் மாளிகைக்கு அருகே அமைந்துள்ள புனித ஜான் தேவாலயத்தின் வளாகத்தில், கல்லறைகளுக்கு நடுவே வெண்பளிங்குத் தூண் ஒன்று நிற்கிறது. 1756-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி இரவில் பழைய வில்லியம் கோட்டையின் சிறையறை ஒன்றில் 123 பேர் உயிரிழந்ததாக அதன் கல்வெட்டு தெரிவிக்கிறது. 'கல்கத்தா இருட்டறைத் துயரம்' என்று பள்ளிப் பாடநூல்கள் வழியாகப் பல தலைமுறைகளுக்கு அறிமுகமான நிகழ்வு இதுவே.

ஆனால், அந்த எண்ணிக்கையை இன்றைய வரலாற்று அறிஞர்களில் பெரும்பாலானோர் ஏற்பதில்லை. தூண் இப்போது நிற்கும் இடமும் அதற்குரிய இடம் அன்று. அது முதன்முதலில் எழுப்பப்பட்ட தூணும் அன்று. ஒரு தேவாலயத்தில் உள்ள நினைவுச்சின்னத்தின் பின்னணியை ஆராய்வது எப்படி, கல்வெட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகளுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தேவாலயம் உருவான வரலாறு

புனித ஜான் தேவாலயத்துக்கு 1784-ஆம் ஆண்டு வாரன் ஹேஸ்டிங்ஸ் அடிக்கல் நாட்டினார். 1787-ஆம் ஆண்டு அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. நிலத்தை வழங்கியவர் சோவாபஜார் அரச குடும்பத்தைச் சேர்ந்த மகாராஜா நபகிருஷ்ண தேவ். கட்டுமானத்துக்கு வங்காளத்தின் பழைய தலைநகரான கௌரின் இடிபாடுகளிலிருந்து கற்கள் கொண்டுவரப்பட்டன. செங்கல் கட்டடங்கள் நிறைந்த நகரில் கல்லைப் பயன்படுத்தி எழுந்ததால், 'கல் தேவாலயம்' என்ற பொருளில் 'பாத்துரே கிர்ஜா' என்று உள்ளூர் மக்கள் இதனை அழைத்தனர். 1847-ஆம் ஆண்டு புனித பால் பேராலயம் திறக்கப்படும் வரை நகரின் ஆங்கிலிக்கன் பேராலயமாக விளங்கியதும் இதுவே.

தேவாலயம் கட்டப்படுவதற்கு முன்பே அந்த நிலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் இடுகாடாக இருந்தது. கம்பெனி முகவர் ஜாப் சார்னாக், முகலாயப் பேரரசர் ஃபரூக்சியாருக்குச் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவர் வில்லியம் ஹாமில்டன், கடற்படைத் துணைத் தளபதி சார்லஸ் வாட்சன் ஆகியோரின் நினைவுச்சின்னங்கள் இங்கு உள்ளன. ஹாமில்டனின் கல்லில் ஆங்கிலத்துடன் பாரசீக மொழியிலும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. இவை அனைத்தும் அவரவர் புதைக்கப்பட்ட நிலத்திலேயே எழுந்தவை. இருட்டறைத் தூணோ வேறோரிடத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டது.

அந்த இரவில் நடந்தது என்ன?

1756-ஆம் ஆண்டு வங்காள நவாபாகப் பொறுப்பேற்ற சிராஜ் உத் தௌலாவுக்கும் கம்பெனிக்கும் இடையே மோதல் மூண்டது. நவாபின் அனுமதியின்றிக் கோட்டையை வலுப்படுத்தியது, சுங்க விலக்குச் சீட்டுகளைத் தவறாகப் பயன்படுத்தியது, நவாபின் விசாரணைக்கு உள்ளான அதிகாரியின் மகனுக்கு அடைக்கலம் அளித்தது ஆகியவை நவாப் தரப்பின் புகார்கள். ஜூன் மாதத்தில் நவாபின் படை கல்கத்தாவை முற்றுகையிட்டது. ஆளுநர் ரோஜர் டிரேக் உள்ளிட்ட பலர் கப்பலேறித் தப்பினர். எஞ்சியவர்களுக்குத் தலைமையேற்ற ஜான் செபானியா ஹால்வெல், ஜூன் 20-ஆம் தேதி சரணடைந்தார்.

அன்றிரவு கைதிகள், கோட்டையில் இருந்த தண்டனை அறை ஒன்றில் அடைக்கப்பட்டனர். ஒழுங்கு மீறும் ஆங்கிலேயச் சிப்பாய்களை அடைப்பதற்காக ஆங்கிலேயர்களே வைத்திருந்த அறை அது. 'இருட்டறை' என்ற பெயரும் அவர்கள் ஏற்கெனவே வழங்கியதுதான். கோடைக்கால வெப்பத்திலும் நெரிசலிலும் பலர் மூச்சுத் திணறி மாண்டனர். பொழுது விடிந்தபோது 146 பேரில் 23 பேர் மட்டுமே உயிருடன் இருந்ததாக ஹால்வெல் பின்னர் எழுதினார். அவரது விரிவான விவரிப்பு 1758-ஆம் ஆண்டு லண்டனில் நூலாக வெளியானது.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தூண்கள்

நினைவுச்சின்னத்தை ஆராய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதனை யார், எப்போது, யாருடைய செலவில் எழுப்பினார் என்பதாகும். முதல் தூணை எழுப்பியவர் ஹால்வெல். 1760-ஆம் ஆண்டு சில மாதங்கள் வங்காளத்தின் ஆளுநராகப் பொறுப்பு வகித்த அவர், இறந்தவர்களின் உடல்கள் வீசப்பட்டதாகக் கூறப்பட்ட அகழியின் மீது செங்கல்லாலும் சாந்தாலும் தம் சொந்தச் செலவில் அதனைக் கட்டினார். சிராஜ் உத் தௌலாவின் கொடுங்கோன்மையே இந்த உயிரிழப்புகளுக்குக் காரணம் என்றும், அதற்கு 1757-ஆம் ஆண்டு வாட்சனும் ராபர்ட் கிளைவும் தக்க பழி தீர்த்தனர் என்றும் அதன் கல்வெட்டு கூறியது.

இங்கு ஒரு முரண்பாடு வெளிப்படுகிறது. கைதிகளைப் பாதுகாப்பாக வைக்குமாறு மட்டுமே நவாப் உத்தரவிட்டிருந்தார், குறுகிய அறையில் அடைத்தது காவலர்களின் செயல் என்ற கருத்துப்பட ஹால்வெல் தம் நூலில் எழுதியிருந்தார். நூலில் காவலர்கள் மீது சுமத்திய பழியை, அவரே தூணில் நவாபின் மீது ஏற்றியிருக்கிறார். ஒரே மனிதர் தாளில் எழுதியதையும் கல்லில் பொறித்ததையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் இந்த வேறுபாடு புலப்படும்.

இந்த முதல் தூண் 1821-ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. ஆங்கிலேயர்களே அதனைச் சிதைய விட்டு, ஆங்கிலேய ஆட்சிக் காலத்திலேயே இடித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. நிகழ்வு மீண்டும் பெரிதாகப் பேசப்பட்டது அதன் பின்னரே. 1840-ஆம் ஆண்டு தாமஸ் பாபிங்டன் மெக்காலே, கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருட்டறை நிகழ்வை உணர்ச்சி மிக்க நடையில் வர்ணித்தார். பிரிட்டனில் அது பரவலாகப் படிக்கப்பட்டது. 1882-ஆம் ஆண்டு வெளியான எச்.இ. பஸ்டீடின் பழைய கல்கத்தா பற்றிய நூல், தூண் காணாமல் போனதை நினைவூட்டியது.

அந்த நூலைப் படித்திருந்த வைஸ்ராய் கர்சன், 1902-ஆம் ஆண்டு ரைட்டர்ஸ் கட்டடத்தின் அருகே, பழைய தூணின் வடிவத்தைப் பின்பற்றி வெண்பளிங்கில் புதிய தூணை எழுப்பினார். இதற்கான செலவை அவரே ஏற்றார். இன்று தேவாலய வளாகத்தில் நிற்பது இந்த இரண்டாவது தூண். நவாபின் மீது பழி சுமத்திய வாசகத்தைக் கர்சன் நீக்கினார். அதே வேளையில் 123 என்ற எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டார். ஹால்வெல்லின் பட்டியலில் இல்லாத பெயர்களை அக்கால ஆவணங்களிலிருந்து திரட்டிச் சேர்த்ததுடன், முற்றுகைப் போரில் இறந்தவர்களின் பெயர்களையும் பொறிக்கச் செய்தார்.

எண்ணிக்கை மீது எழுந்த ஐயம்

இருட்டறை விவரிப்பை வங்காளத்திலிருந்து முறையாகக் கேள்விக்கு உட்படுத்தியவர்களில் முதன்மையானவர் அக்ஷய குமார் மைத்ரேயர். சிராஜ் உத் தௌலாவைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்க மொழியில் அவர் எழுதிய நூலில், நிகழ்வு நடந்ததா என்பதையே ஐயத்துக்கு உள்ளாக்கினார். கல்கத்தாவை ஆங்கிலேயர்கள் மீட்டபின் 1757-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நவாபுடன் செய்துகொண்ட அலிநகர் உடன்படிக்கையில், பறிபோன உடைமைகளுக்கு இழப்பீடு பற்றிப் பேசப்பட்டது. இருட்டறையில் மாண்டவர்களுக்கான ஈடு பற்றி அதில் ஏதும் இல்லை என்பது ஐயம் கொண்டோர் முன்வைத்த வாதங்களுள் ஒன்று.

இடத்தின் அளவும் கேள்விக்கு உள்ளானது. அறையின் நீளம் 18 அடி, அகலம் ஏறத்தாழ 14 அடி 10 அங்குலம் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அதாவது சுமார் 267 சதுர அடி. 146 பேர் இருந்திருந்தால் ஒருவருக்குக் கிடைத்த இடம் இரண்டு சதுர அடிக்கும் குறைவு. போலாநாத் சந்தர் என்ற வங்காள நிலவுடைமையாளர், ஏறக்குறைய அதே அளவுள்ள நிலத்தை மூங்கிலால் வளைத்துத் தம் குடியானவர்களை நெருக்கமாக நிற்க வைத்துப் பார்த்ததாகவும், 146 பேரை அதில் அடைக்க முடியவில்லை என்றும் பதிவுகள் கூறுகின்றன.

1915-ஆம் ஆண்டு ஜே.எச். லிட்டில் என்ற ஆங்கிலேயர், கல்கத்தா வரலாற்றுச் சங்கத்தின் இதழில் ஹால்வெல்லின் நம்பகத்தன்மையைக் கூர்ந்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டு இது குறித்து அந்தச் சங்கம் பொது விவாதமே நடத்தியது. லிட்டில் எடுத்துக்காட்டிய செய்திகளில் ஒன்று, ஹால்வெல்லின் வேறொரு குற்றச்சாட்டைப் பற்றியது. நவாப் மீர் ஜாஃபர் டாக்காவில் பலரைக் கொன்றுவிட்டதாக ஹால்வெல் 1760-ஆம் ஆண்டு கூறியிருந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் கிளைவ் தலைமையிலான நிர்வாகமே அதனை மறுத்தது. இறந்ததாகச் சொல்லப்பட்டவர்களில் இருவரைத் தவிர மற்றவர்கள் உயிருடன் இருப்பதாக லண்டனுக்கு எழுதியது.

கடிதங்களை ஒப்பிட்டபோது தெரிந்தது

கல்வெட்டு ஓர் இறுதி அறிக்கையின் தோற்றம் கொண்டது. திருத்தங்களை அது காட்டுவதில்லை. கடிதங்கள் அப்படியல்ல. எஸ்.சி. ஹில் தொகுத்து 1905-ஆம் ஆண்டு மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 1756-57 கால வங்காள ஆவணங்களில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் ஆகியோரின் கடிதங்கள் இடம்பெற்றன. எண்ணிக்கை எவ்வாறு உருவாயிற்று என்பதை அவற்றைக் கொண்டு பின்தொடர முடிகிறது.

1756-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதியிட்ட கடிதத்தில், அறையில் 165 பேருக்கு மேல் அடைக்கப்பட்டு 16 பேர் மட்டுமே தப்பியதாக ஹால்வெல் எழுதினார். ஆகஸ்ட் 3-ஆம் தேதியிட்ட கடிதத்தில் அது 146 பேர், தப்பியவர்கள் 23 பேர் என்று மாறியது. இந்த இரண்டாவது கணக்கே நூலிலும் தூணிலும் இடம்பெற்றது. 123 பேர் மாண்டதாகக் கூறிய முதல் தூணில் பொறிக்கப்பட்ட பெயர்கள் ஏறத்தாழ 50 மட்டுமே.

இந்தியத் தரப்பு ஆவணங்களின் மௌனமும் கவனத்துக்குரியது. 1780-களில் குலாம் உசேன் பாரசீகத்தில் எழுதிய 'சியர் உல் முதாகரீன்' என்ற வரலாற்று நூல், கல்கத்தா முற்றுகையை விவரிக்கிறது. இருட்டறையைக் குறிப்பிடவில்லை. அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஹாஜி முஸ்தஃபா, ஆங்கிலேயர்கள் பெரிதாகப் பேசும் இந்த நிகழ்வு வங்காளத்தில் எவருக்கும் தெரியவில்லை என்று அடிக்குறிப்பு எழுதினார். எனினும், ஒரு நூலின் மௌனம் நிகழ்வு நடக்கவே இல்லை என்பதற்குச் சான்றாகிவிடாது. உயிர் தப்பிய ஜான் குக் 1772-ஆம் ஆண்டு பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தது உள்ளிட்ட பதிவுகளையும் ஆராய்ச்சியாளர் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

இச்சான்றுகளை மீண்டும் பரிசீலித்த வரலாற்று ஆய்வாளர் பிரிஜென் குப்தா, 1959-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இரு தரப்புக்கும் இடைப்பட்ட முடிவுக்கு வந்தார். நிகழ்வு நடந்தது உண்மை. ஆனால், அடைக்கப்பட்டவர்கள் சுமார் 64 பேர், உயிர் தப்பியவர்கள் 21 பேர் என்பது அவரது கணக்கு. அதன்படி இறந்தவர்கள் 43 பேர். போரில் இறந்தவர்களும் குழப்பத்தில் தப்பிச் சென்றவர்களும் ஹால்வெல்லின் கணக்கில் சேர்ந்துவிட்டனர் என்ற விளக்கமே இன்று பரவலாக ஏற்கப்படுகிறது.

தேவாலயத்துக்குத் தூண் வந்தது எப்படி?

நகரின் மையத்தில், அரசுத் தலைமை அலுவலகத்தின் வாசலருகே நின்ற தூண், கடைசிச் சுதந்திர நவாபுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாக வங்காள மக்களால் கருதப்பட்டது. 1940-ஆம் ஆண்டு அதனை அகற்றக் கோரும் இயக்கத்துக்கு சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றார். ஜூலை 3-ஆம் தேதியைச் சிராஜ் உத் தௌலா நாளாக அறிவித்து, தூணை நோக்கி ஊர்வலம் செல்லப்போவதாக அவர் தெரிவித்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் இணைந்து நின்ற போராட்டமாக அது உருவெடுத்தது.

ஊர்வலத்துக்கு முந்தைய நாளான ஜூலை 2-ஆம் தேதி போஸ் கைது செய்யப்பட்டார். போராட்டம் தொடர்ந்ததையடுத்து, ஃபஸ்லுல் ஹக் தலைமையிலான மாகாண அரசு தூணை அகற்ற இசைந்தது. அவ்வாண்டே அது பெயர்க்கப்பட்டு, புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஒதுக்குப்புறமாக நிறுவப்பட்டது. சிறையில் உண்ணாவிரதம் தொடங்கிய போஸ், டிசம்பரில் விடுவிக்கப்பட்டு வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 1941-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கிருந்து தப்பி வெளிநாடு சென்றார். விடுதலைப் போராட்ட வரலாற்றின் அந்தப் புகழ்பெற்ற பயணத்துக்கு முன்கதையாக அமைந்த கைது, இந்தத் தூணை முன்னிட்டு நிகழ்ந்தது என்பதைத் தூணின் கல்வெட்டிலிருந்து அறிய வழியில்லை. 1902-ஆம் ஆண்டுக்குப் பின் நடந்தது எதையும் அது அறியாது.

சென்னையிலும் கிடைக்கும் தடயங்கள்

ஒரு தேவாலயத்தின் நினைவுச்சின்னங்களுக்கான சான்றுகள் அதே ஊரில் மட்டும் இருப்பதில்லை. கல்கத்தாவை மீட்க கிளைவும் வாட்சனும் 1756-ஆம் ஆண்டு அக்டோபரில் கப்பலேறியது சென்னையிலிருந்துதான். 1757-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தா மீட்கப்பட்டது, ஜூனில் பிளாசிப் போர் நடந்தது. ஆகஸ்டில் வாட்சன் நோயுற்று இறந்து இதே வளாகத்தில் புதைக்கப்பட்டார்.

ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689-ஆம் ஆண்டு சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்தில் ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. சார்னாக்கின் கல்லறையில் பதிக்கப்பட்டுள்ள கரும்பாறைப் பலகையை 1893-ஆம் ஆண்டு ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் காணப்படும் பாறை வகை என்று கண்டறிந்தார். அந்தப் பாறை வகைக்குச் 'சார்னோகைட்' என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். எழுத்துகளைப் போலவே கல்லும் ஒரு சான்றாக அமையும் என்பதை இது உணர்த்துகிறது.

அதே சார்னாக்கின் கதையும் திருத்தத்துக்குத் தப்பவில்லை. 1690-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி அவர் வந்திறங்கியதே நகரின் பிறந்தநாள் என்று நெடுங்காலம் கொண்டாடப்பட்டது. அதற்கு முன்பே அங்கு ஊர்களும் வணிகமும் இருந்தன என்று வல்லுநர் குழு அறிக்கை அளித்ததன் பேரில், கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003-ஆம் ஆண்டு அவரை நகரின் நிறுவனராகக் கருத முடியாது என்று தீர்ப்பளித்தது.

ஆராய விரும்புவோர் எங்கு தொடங்கலாம்?

பழைய தேவாலயங்களின் நினைவுக் கற்களை ஆராய விரும்புவோருக்கு இருட்டறைத் தூணின் வரலாறு ஒரு வழிகாட்டியாக அமைகிறது.

முதலில், கல்வெட்டை எழுத்துப் பிழைகள் உட்பட உள்ளது உள்ளபடியே படியெடுக்க வேண்டும். சுண்ணாம்பு, அமிலம் போன்றவற்றைப் பூசிக் கல்லைத் தெளிவாக்க முயன்றால் எழுத்துகள் அழியக்கூடும். பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சி எடுக்கும் புகைப்படம் பாதுகாப்பானது.

இரண்டாவதாக, பழைய படியெடுப்புகளுடன் அதனை ஒப்பிட வேண்டும். வங்காளத்துக்கு 1848-இல் வெளியான 'பெங்கால் ஒபிச்சுவரி' என்ற தொகுப்பும், சென்னை மாகாணத்துக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-இல் வெளியான கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலும் உள்ளன. இன்று தேய்ந்து போன வரிகள் அவற்றில் முழுமையாகக் கிடைக்கக்கூடும்.

மூன்றாவதாக, தேவாலயப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் கம்பெனி காலத்தில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணப் பிரிவில் வங்காளம், சென்னை, மும்பை என்று தனித்தனி வரிசைகளாகப் பாதுகாக்கப்படுகின்றன.

நான்காவதாக, நிகழ்வு நடந்த ஆண்டையும் சின்னம் எழுப்பப்பட்ட ஆண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். 1756-இல் நடந்ததைப் பற்றி 1902-இல் பொறிக்கப்பட்ட கல், 1756-ஐ விட 1902-ஐப் பற்றியே அதிகம் கூறும். கல்லில் யாருடைய பெயர் இல்லை என்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. முற்றுகையில் உயிரிழந்த நவாபின் வீரர்களுக்கு இந்தத் தூணில் இடமில்லை.

எஞ்சி நிற்கும் கேள்வி

எண்ணிக்கை குறைந்துவிட்டதால் துயரம் பொய்யாகிவிடவில்லை. 43 பேர் ஓர் இரவில் மூச்சுத் திணறி இறந்ததும் பெருங்கொடுமையே. அதே நேரத்தில், மிகைப்படுத்தப்பட்ட கணக்கு ஒன்று, ஒரு நாட்டை அடிமைப்படுத்தியதற்கு நியாயம் கற்பிக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டது என்பதையும் மறுக்க இயலாது. வரலாற்றில் பேரரசுகள் எவ்வாறு தம்மை நியாயப்படுத்திக்கொண்டன என்பதை ஆராய்ந்த பார்த்தா சாட்டர்ஜி, 2012-ஆம் ஆண்டு வெளியான தம் நூலுக்கு இருட்டறையையே மையமாகக் கொண்டார்.

போராடியவர்கள் தூணைப் பொது வீதியிலிருந்து அகற்றக் கோரினர். அது உடைக்கப்படாமல் தேவாலய வளாகத்துக்கு இடம் மாறியதால், கர்சன் எதனை நீக்கினார், எதனை விட்டுவைத்தார் என்பதை இன்றும் கல்லிலேயே படித்தறிய முடிகிறது. இடிக்கப்பட்ட ஹால்வெல்லின் தூணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் வாசகம் ஏட்டில் மட்டுமே எஞ்சியுள்ளது.